அரைப்பேரும் இல்லாத ஆறு மாதம்

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் அரை மணி நேரம் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கொழும்பு செல்லும் 122 ஆம் இலக்க வண்டியை நோக்கிப் பொதிகளோடு விரைகின்ற இளைஞர்களிலும் யுவதிகளிலும் இரண்டொருவராவது என்னிடம் படித்தவர்களாக இருப்பார்கள். "சேர், சுகமா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலோரத்து ஆசனத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆசிரியத் தொழிலில் சம்பளத்துக்கு மேற்பட்டுக் கிடைக்கும் வரும்படி இவ்வளவுதான். இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் அவ்வாறு நின்றபோது, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் தம் மகளை வழியனுப்ப வந்திருந்தார். மகள் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் பயிலும் இறுதி வருட மாணவி, க. பொ. த. உயர்தரத்தில் என் வகுப்பில் இருந்தவள். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த தாயார், சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சேர், ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. ஆறு மாசம் கொழும்புல வேலை செய்யணும்னு கேம்பஸ்ல எழுத்துக் குடுத்திருக்காங்க. ஆபீசுல சம்பளம் கெடையாதாம். பஸ் காசும் நாம, சோத்துக் காசும் நாம, படுக்கிற எடத்துக்குக் காசும் நாம. மழை நாள்லகூட எங்களுக்கு அரைப்பேராவது போடுவாங்க. படிச்ச புள்ளைக்கு அதுவும் இல்லையா?"

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தால் செக்றோலில் ஒரு 'பேர்' விழும். குறித்த அளவு கொழுந்து நிறையவில்லை என்றாலோ, இடையில் வேலை நின்றுபோனாலோ 'அரைப்பேர்'. ஒரு குடும்பத்தின் மாதம் எவ்வாறு கழிந்தது என்பதை அங்கே பேர்களின் கணக்கிலேதான் சொல்வார்கள். அந்தக் கணக்கிலே தேர்ந்த ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று திருப்தியான பதில் எதுவும் சொல்லவில்லை. "இதுவும் படிப்புத்தான் அம்மா" என்று மாத்திரம் கூறி அனுப்பினேன். பஸ் புறப்பட்டுவிட்டது. கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

இதுவும் படிப்புத்தான் என்பது பொய்யன்று. வகுப்பறையில் கற்பதைத் தொழிற்களத்தில் பழகிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பழமையானது. ஆயினும், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலேயே அதைச் சேர்த்து ஒழுங்குபடுத்தியவர் என்று ஹெர்மன் ஷ்னைடர் என்ற அமெரிக்கப் பேராசிரியரைக் குறிப்பிடுவது வழக்கம். 1906 ஆம் ஆண்டிலே சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு அவர் அதனைத் தொடங்கினார். சில காலம் தொழிற்சாலை, சில காலம் வகுப்பு என்று மாறி மாறிச் சென்ற அம்மாணவர்களுக்குத் தொழிற்சாலையில் கூலி கொடுக்கப்பட்டது. நான் தேடிப் படித்ததில் என் மனத்தில் தைத்தது இந்த விவரந்தான். ஏழைப் பிள்ளை உழைத்துக்கொண்டே படிக்கலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் அழகுகளில் ஒன்றாக இருந்தது. தலைநகருக்குச் சென்று ஒரு பருவம் பயிலுவது என்ற முறையும் அந்நாட்டிலே பழையதே; வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம் 1947 இல் அத்தகைய பருவத் திட்டமொன்றைத் தொடங்கியது. வழியிலே எங்கேயோ கூலி கழன்று விழுந்துவிட்டது. பயிற்சி மாத்திரம் நம் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டிலே 1971 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தேசியப் பயிலுநர் சபை அமைக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னர் அதன் பணியைத் தேசியப் பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டப்படிப்பின் இறுதியிலே பயிற்சிக் காலத்தைச் சேர்த்துக்கொண்டன. 1995 இன் இறுதியில் நிறுவப்பெற்று 1996 இல் திறந்துவைக்கப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஏற்பாடு உண்டு. பலாங்கொடைக்கும் ஹல்துமுல்லைக்கும் இடையில், மலைச்சாரலில், ஆற்றோரத்தில் அமைந்த பெலிஹுல்ஓயாவிலே அது இருக்கிறது. படிப்பதற்கு அதைவிட ரம்மியமான இடம் இலங்கையில் குறைவு. ஆனால், காப்புறுதிக் கம்பனியும் கணக்காய்வு நிறுவனமும் மென்பொருட் கந்தோரும் அந்த மலையடிவாரத்தில் இல்லை. அவை ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பில் இருக்கின்றன. ஆகவே பயிற்சி என்றால் கொழும்பு.

(1982 இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் பெயர்ந்த பின்னர் தலைநகர் என்ற பெயர் அவ்விடத்துக்கு உரியது என்பதை நான் அறிவேன், வகுப்பில் அவ்வாறே கற்பிக்கிறேன். ஆனால், இறக்குவானையிலிருந்து புறப்படும் தாயாருக்குத் தலைநகர் கொழும்புதான்.)

சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் உள்ள உறவு புதிதன்று. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. இறப்பரையும் தேயிலையையும் சுமந்து சென்ற அச்சிறிய வண்டிகள் ஆட்களையும் சுமந்தன. அவிசாவளைக்கு அப்பால் அப்பாதை 1970களிலே மூடப்பட்டது. தண்டவாளம் போனது, போக்குவரத்து நிற்கவில்லை. புறக்கோட்டைக் கடைகளிலே மூட்டை தூக்கவும், சாப்பாட்டுக்கடைகளில் எச்சில் இலை எடுக்கவும், பெரிய மனிதர் வீடுகளில் பாத்திரம் கழுவவும் நம் தோட்டப் பிள்ளைகள் பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இதே வீதியால் அழைத்துச் செல்லப்பட்டார்கள். தீபாவளிக்குப் புதுச் சட்டையோடு வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. அவர்களுள் எவரும் கையிலே கடிதத்துடன் போனதில்லை. இப்பெண்ணோ பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட கடிதத்தோடு போகிறாள். ஆயினும் அத்தாயாரின் கண்ணுக்கு இரண்டு பயணங்களும் ஒன்றுபோலத் தெரிந்தால் அவரை நாம் குறை கூற முடியாது. வேலை உண்டு, கூலி இல்லை, வேற்றூர், தெரியாத மனிதர். முன்னைய பயணத்துக்கும் இவைதானே அடையாளம்?

வேறோர் அச்சமும் உண்டு. அதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. 1981 ஆவணி மாதத்திலே இறக்குவானை, கஹவத்தை, இரத்தினபுரிப் பகுதிகளில் நிகழ்ந்ததையும், இரண்டு வருஷங்களுக்குப் பின் ஆடி மாதத்திலே கொழும்பில் நிகழ்ந்ததையும் அவருடைய தாயார் கண்ணாரக் கண்டவர். அந்தத் தலைமுறையினர் பிள்ளைகளிடம் அதிகம் பேசமாட்டார்கள். ஆனால், "இருட்டு முந்தி ரூமுக்கு வந்திடு" என்று ஒன்பது தடவை சொல்வார்கள்.

பயிற்சிக்கு இடம் கிடைப்பதே முதற் சோதனை. பல்கலைக்கழகம் சில இடங்களைத் தேடிக் கொடுக்கும். மற்றவற்றைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். தகப்பனாரின் நண்பர் முகாமையாளராக இருக்கும் மாணவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் தகப்பனாருக்குத் தெரிந்த உத்தியோகத்தர்கள் கணக்கப்பிள்ளையும் கிராம சேவகருந்தான். இதைச் சொல்வதனால் மற்றவர்மீது பொறாமை கொள்வதாக எவரும் எண்ணவேண்டாம். சிபாரிசு என்பது கொழும்பிலே காற்றைப் போல எங்கும் இருக்கிறது. அதைச் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

இன்னொரு விஷயம் விலாசம். எட்டியாந்தோட்டைப் பக்கத்து மாணவர் ஒருவர் சில வருஷங்களுக்கு முன் நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். கடிதம் உரிய காலத்தில் தபாலில் சேர்ந்தது. லயத்துக் குடும்பங்களுக்குத் தனி விலாசம் இல்லாதபடியால் அக்கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், மேசையொன்றின்மீது மற்றைக் கடிதங்களோடு கிடந்து, பிரட்டுக்களத்திலே எவரோ கையில் எவரோ கொடுத்து, அம்மாணவரை அடைந்தபோது தேர்வு முடிந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. மின்னஞ்சலும் கைத்தொலைபேசியும் வந்துவிட்ட இக்காலத்தில் இது பழங்கதை என்று சிலர் சொல்லலாம். கைத்தொலைபேசிக்கு அலை பிடிக்க மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறவேண்டிய தோட்டங்கள் எனக்குத் தெரியும். அன்றியும், வங்கியும் நியமனக் கடிதமும் இன்னமும் விலாசம் கேட்கின்றன. '18 ஆம் இலக்க லயம், மேற்பிரிவு' என்று எழுதிக் கொடுத்தால், எழுதுவினைஞர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டமக்களில், இறுதியாக எஞ்சியிருந்தோருக்கும் 2003 ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமையை வழங்கியது. நாடு கிடைத்துவிட்டது, வீட்டு இலக்கம் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

நிற்க. அம்மாணவியின் கதைக்கு வருவோம். பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அலுவல் நிமித்தம் கொழும்பு சென்றபோது, அவளையும் அவளுடன் தங்கியிருந்த தோழியரையும் வெள்ளவத்தையிலே கண்டேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டின் பின்புறத்து அறையில் நால்வர். ஒருத்தி தெஹியோவிட்டைப் பக்கம், ஒருத்தி பலாங்கொடை, மற்றொருத்தி பதுளை. நான்கு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு குளியலறை. வீட்டுக்காரியின் சட்டங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன: சமையல் கூடாது, இரவு எட்டரைக்குப் பின் வாயில் திறக்கப்படமாட்டாது, மின்னழுத்தியைப் பாவித்தால் தனிக் கட்டணம். காலை நாலரை மணிக்கே குளியலறைக்கு முறை வைத்து எழுகிறார்கள். தோட்டத்திலும் நாலரைக்குத்தான் எழுவது வழக்கம் என்றபடியால் இதிலே அவர்களுக்குக் கஷ்டமில்லை என்று சிரித்தார்கள். ஏழு மணிக்குள் 100 ஆம் இலக்க வண்டியிலோ 101 ஆம் இலக்க வண்டியிலோ தொற்றிக்கொண்டால் எட்டரைக்குக் கந்தோர்.

அவளுடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆசிரியன் என்ற உரிமையில்தான். முத்து முத்தான எழுத்து. மாதத்துக்குக் கட்டில் வாடகை 11,000 ரூபா. சாப்பாடு, மூன்று வேளையும் சேர்த்து நாளொன்றுக்கு 600 வீதம் 18,000. பஸ், ஊருக்கு வந்துபோவதையும் சேர்த்து 4,000. மொத்தம் 33,000. இவை தவிர, அறைக்குள் நுழையும்போதே இரண்டு மாத வாடகை முற்பணம்.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. தாயார் கொழுந்து பறிப்பவர். 2025 இல் 25 நாள்கள் முழுப்பேர் விழுந்தால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதமாக 2,700 கழிந்தால் 31,050. அதாவது, ஒரு தாய் ஒரு மாதத்திலே ஒரு நாளும் படுக்காமல் கொய்தாலும் மகளின் பயிற்சிச் செலவுக்கு 1,950 ரூபா குறைந்தது. 25 நாள்கள் எப்பொழுதும் கிடைப்பதில்லை. தகப்பனார் இறப்பர்ப் பால் வெட்டுபவர். மரம் நனைந்தால் கத்தி வைக்க முடியாது. சப்ரகமுவவின் மழையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டில் இன்னும் ஒரு தம்பியும் ஒரு பாட்டியும் இருக்கிறார்கள்.

மகாபொலப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்பீர்கள். 1981 இல் தொடங்கப்பட்ட அந்நிதியம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. அதை நன்றியோடு சொல்லவேண்டும். 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அத்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெலிஹுல்ஓயா விடுதியிலே இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு துணை. வெள்ளவத்தையிலே அது கட்டிலுக்குக்கூடப் போதாது.

அப்படியானால் அவள் எப்படிச் சமாளித்தாள்? இங்கேதான் எனக்கு வியப்பும், சிறிது சிரிப்பும் வந்தன. சனி, ஞாயிறு தினங்களில் அதே ஒழுங்கையிலுள்ள இரண்டு வீடுகளில் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என்ன பாடம்? சிங்களம்! சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு வேலியடுத்துக் கிடப்பவை. கிணறும் கடையும் பொது. பஸ்ஸும் வைத்தியசாலையும் பொது. நம் பிள்ளைகள் தாய்மொழியோடு கூடவே சிங்களத்தையும் பழகிவிடுகிறார்கள். நுவரெலியாத் தோட்டப் பிள்ளைகளுக்கே இத்துணைச் சரளம் வருவதில்லை. வெள்ளவத்தைச் சர்வதேசப் பாடசாலைக்குச் செல்லும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு, லயத்திலே பிறந்த பெண் மேசையருகே அமர்ந்து சிங்களம் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறாள். சொந்த ஊரிலே அவளும் நானும் இதை ஒரு திறமை என்று கருதியதே இல்லை.

கந்தோரிலும் அம்மொழியே அவளுக்குக் கைகொடுத்தது. முதல் மாதம் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பிரதி எடுப்பதும் கோப்புகளை இலக்கப்படி அடுக்குவதும். சில நாள்களில் மேலதிகாரிகளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கவும் நேர்ந்ததாம். பயிற்சிக் குறிப்பேட்டிலே அன்றாடம் கற்றதை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். "தேத்தண்ணீரை என்ன தலைப்பிலே எழுதினாய்?" என்று கேட்டேன். "வாடிக்கையாளர் சேவை, சேர்" என்றாள். அறையிலிருந்த நால்வரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனே தவிர, உள்ளம் சற்று நொந்தது.

ஆங்கிலந்தான் அவர்களை வாட்டுகிறது. கூட்டங்களில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகையில் இவர்கள் வாய் திறப்பதில்லை. இலக்கணம் தெரியாமலன்று. பேசிப் பழகிய வீட்டிலே பிறக்காத குறைதான். தவறாகப் பேசினாலும் பேசு என்று வகுப்பிலே நாங்கள் கூறியிருக்கவேண்டும். நாங்களோ தவறுகளுக்குச் சிவப்புக் கோடிட்டோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மதிய உணவு வேளையிலே வேறொரு சங்கடம். எந்த ஊர் என்று கேட்பார்களாம். "இரத்தினபுரி" என்றதும், "அப்படியானால் மாணிக்கக் கல் இருக்குமே, எங்களுக்கும் ஒன்று கொண்டுவாரும்" என்பார்களாம். பூமிக்கடியில் மாணிக்கம் இருக்கும் ஊரிலே பூமிக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. தோட்டம் என்ற சொல்லை அவள் இரண்டு மாதம் சொல்லவில்லை. இதை அவளே ஒப்புக்கொண்டாள், தலையைக் குனிந்துகொண்டுதான். நான் கடிந்துகொள்ளவில்லை. என்னுடைய பட்டப்படிப்புக் காலத்தில் நானும் அவ்வாறு சில சொற்களை விழுங்கியிருக்கிறேன்.

மூன்றாவது மாதம் ஒரு சம்பவம் நடந்தது. அந்நிறுவனம் தமிழ் வாடிக்கைக்காரருக்கு அனுப்பும் கடிதமொன்று அவள் கண்ணில் பட்டது. யாரோ சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 'உங்கள் மரணத்தின் பின்னர் உடனடியாக எங்கள் கிளைக்குச் சமூகமளிக்கவும்' என்று அதில் இருந்ததாம்! எத்தனை விதவைகளின் கைக்கு அக்கடிதம் போயிற்றோ அறியேன். அவள் பயந்துகொண்டே மேற்பார்வையாளரிடம் காட்டினாள். அவர் சிங்களவர், நல்ல மனிதர். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எல்லாத் தமிழ்க் கடிதங்களையும் அவளிடமே கொடுத்தார். அதன்பின் தேத்தண்ணீர் இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் கூறியது. அரச கந்தோர்களுக்கே அது சட்டம். தனியார் நிறுவனத்துக்கு வாடிக்கைக்காரரே சட்டம். அந்த வாடிக்கைக்காரர்களில் பெரும்பகுதியினர் பதுளையிலும் ஹற்றனிலும் எட்டியாந்தோட்டையிலும் இருக்கும் தோட்ட மக்கள் என்பதை அவள் எடுத்துச் சொன்னபோது, தன் ஊர்ப் பெயரோடு தோட்டம் என்ற சொல்லையும் முதன்முறையாகச் சொன்னாளாம். ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு சிறு படியும் கொடுத்தார்கள்.

அவளுக்கு நேர்ந்த நன்மையைக் காட்டி, கூலியில்லாப் பயிற்சி சரியானதே என்று எவரும் வாதாடவேண்டாம். அதே அறையில் இருந்த பலாங்கொடைப் பெண் நான்காம் மாதத்தில் பயிற்சியை நிறுத்திக்கொண்டு வீடு திரும்பிவிட்டாள். தகப்பனாருக்கு வைத்தியச் செலவு வந்ததே காரணம். அவள் இவளைவிடக் கெட்டிக்காரி என்று இவளே சொல்கிறாள். ஒரு பருவப் பயிற்சி மாணவரின் ஆற்றலைச் சோதிப்பதற்கென்றே ஏற்பட்டது. நம் பிள்ளைகள் விஷயத்தில் அது பெற்றோரின் மடியைச் சோதிக்கிறது. மடியில் இல்லாதவர்களின் பிள்ளைகள் ஆற்றலைக் காட்டுமுன்னரே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பிற நாடுகளில் இது உணரப்பட்டிருக்கிறது. பிரான்சிலே இரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சியாயின் குறைந்தபட்சப் படி ஒன்றை நிறுவனம் கொடுத்தே தீரவேண்டும் என்பது சட்டம். அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிற்கூட, பயிலுநர்கள் நெடுங்காலம் சம்பளமின்றியே வேலை செய்தார்கள். 2022 இல்தான் படி கொடுக்கத் தொடங்கினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அங்கும் வர முடிந்தது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வெள்ளை மாளிகைக்கே அவ்வளவு காலம் பிடித்ததென்றால் நம்மவர்களை நான் அதிகம் ஏசப்போவதில்லை. ஆனால், தொடங்கலாம் அல்லவா?

இதற்கு ஒரு குறுக்குவழி சொல்கிறார்கள். நம் பிள்ளைகளைக் கொழும்புக்கு ஏன் அனுப்பவேண்டும்? பக்கத்திலே தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. பிரதேச செயலகம் இருக்கிறது. அங்கேயே பயிலட்டும் என்பது அவர்கள் யோசனை. செலவு குறையும் என்பது உண்மை. என்றாலும் எனக்கு இதில் சம்மதமில்லை. தகப்பனார் வெளியே நின்று பேர் பதிந்த அதே கந்தோரின் உள்ளே மகள் ஆறு மாதம் கோப்பு அடுக்குவதனால் அவள் காணும் உலகம் எவ்வளவு விரிந்துவிடும்? இரவு எட்டரைக்குள் வாயிலுக்கு வந்து சேர்வது, பஸ்ஸிலே சில்லறை கேட்டு வாங்குவது, அறிமுகமில்லாதவரோடு மேசையில் அமர்ந்து உண்பது, வெள்ளி மாலையில் தோழியரோடு மயூரபதி அம்மன் கோயிலுக்குச் சென்று திரும்புகையில் கடற்கரையில் கால் நனைப்பது ஆகிய இவையும் பயிற்சியே. கடலை முதன்முதலாக அன்றுதான் அருகில் பார்த்ததாகத் தெஹியோவிட்டைப் பெண் சொன்னாள். கொழும்பு அவர்களுக்கு வேண்டும். அங்கே தலை சாய்க்க இடந்தான் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை கொழும்புக்கு வந்தால் வெள்ளவத்தையில் ஒரு சித்தப்பா வீடாவது இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழும்பில் உள்ள உறவினர் பெரும்பாலும் கடைக்கு மேலே பலகையில் படுத்துறங்கும் மாமன்தான். கிறிஸ்தவ இளைஞர் சங்கங்களும் யுவதிகள் சங்கங்களும் விடுதி நடத்தி வந்திருக்கின்றன, மத பேதமின்றி நம் பெண்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள், நன்றி சொல்லவேண்டும். கொழும்பிலே நம்மவர் மன்றங்கள் அநேகம். ஆடிவேல் விழாவை ஆண்டுதோறும் செட்டியார் தெருவிலிருந்து எத்துணைச் சிறப்பாக எடுக்கிறோம்! தோட்டங்களிலிருந்து புறப்பட்டுப் புறக்கோட்டையில் வணிகராக உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுட் சிலர் எச்சில் இலை எடுத்தே தொடங்கியவர்கள். இருபது கட்டில்கள் கொண்ட ஒரு வீடு. பயிற்சிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரம். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறி ஒருவர். ஒரு கட்டில் வருஷத்துக்கு இருவரைத் தாங்கும். இருபது கட்டில் நாற்பது பேரை. ஒரு கோபுரத்துக்கு வர்ணம் பூச ஆகும் பணத்தை நான் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. கணக்கிட்டவர்கள் இதையும் ஒருமுறை கணக்கிடட்டும். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான்.

சென்ற ஞாயிறு மாலையும் பஸ் நிலையத்தில் நின்றேன். அந்த அம்மாளைக் கண்டேன். மகள் பட்டம் பெற்று, அதே நிறுவனத்தில் சம்பளத்தோடு அமர்ந்துவிட்டாள் என்பது எனக்கு முன்னரே தெரியும். இப்பொழுது அவளுடைய தம்பி, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிப்பவன், பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறானாம். சம்பளத்தைப் பற்றி அவர் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். விண்ணப்பத்தின் பிரதி. விலாசம் எழுதும் இடம் மாத்திரம் வெறுமையாக இருந்தது.

"சேர், கடுதாசி தோட்டத்துக்கு வந்தா கைக்கு வந்து சேருமோ என்னமோ. உங்க வீட்டு நம்பரைப் போட்டுக்கலாமா?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தைப் பஸ்ஸின் பக்கத்தில் வைத்து அழுத்தி, என் வீட்டு இலக்கத்தையும் தெருவையும் எழுதிக் கொடுத்தேன்.